விறைத்த காலுக்கு நெருப்பு வேண்டாம்: நரம்பு நோவுக்கு ஊசியும் மொக்சாவும்

மொக்சா என்ற மூலிகைச் சுருட்டைப் பற்றவைத்துத் தோலுக்குச் சூடு காட்ட முன் அந்த இடத்துத் தோலில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அதற்கு உணர்ச்சி இருக்கிறதா? அது ஏற்கெனவே சூடாக இருக்கிறதா? உணர்ச்சி செத்த தோலுக்கும், சிவந்து கொதிக்கிற மூட்டுக்கும் நெருப்புக் காட்டக் கூடாது. கொழும்பில் அக்குபங்சர் மேசையில் படுப்பவர்கள் நாரி, கால், முழங்கால், பாதம் என்றுதான் நோவைக் காட்டுகிறார்கள். அவர்களில் நிறையப் பேருக்குச் சீனி வருத்தமும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் இந்த இரண்டு கேள்வியும் இங்கே ஒவ்வொரு நாளும் எழும்.

"நரம்பு இழுக்குது" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அதற்குள் மூன்று நான்கு வருத்தம் ஒளிந்திருக்கும். கரண்ட் அடித்த மாதிரி ஓடுவது, எரிவது, எறும்பு ஊர்வது, சீலை பட்டாலே கூசுவது, இவையெல்லாம் நரம்பின் பேச்சு. அசைத்தால் கூடி ஆறினால் குறைகிற உளைவு பெரும்பாலும் தசையினுடையது. காலையில் எழுந்ததும் ஒரு மணித்தியாலம் வரை மூட்டு மடங்காமல், வீங்கி, தொட்டால் சுட்டால் அது அழற்சி. மூன்றுக்கும் ஒரே பத்து இடத்தில் ஊசி குத்தி அனுப்புகிற பழக்கம்தான் இந்த வைத்தியத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது. முதல் நாள் இருபது நிமிடம் கேள்விக்கும் தொட்டுப் பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள். ஊசி ஓடிப்போகாது.

நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் நோ

புறக்கோட்டையில் துணிப் பொதி தூக்குபவர், நாள் முழுக்க ஓட்டோ ஓட்டுபவர், காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் நின்று வீடு சேருபவர், இவர்களுக்கு வருவது பெரும்பாலும் இந்த நோதான். முள்ளந்தண்டிலிருந்து கிளம்பும் எந்த வேர் நரம்பு சிக்கியிருக்கிறது என்பதைக் கால் சொல்லும். நோவும் விறைப்பும் பாதத்தின் மேற்புறமாகப் பெருவிரலுக்கு ஓடினால் நாரியின் ஐந்தாம் வேர். ஆடுசதை வழியாகக் குதிகாலுக்கும், பாதத்தின் வெளி ஓரத்துக்கும், சின்ன விரலுக்கும் போனால் நாரிக்குக் கீழுள்ள திரிக எலும்பின் முதல் வேர். முன்தொடையில் இறங்கி முழங்காலின் உட்புறத்துக்கு வந்தால் நான்காம் வேர். குதியால் நடக்கச் சொல்லுங்கள், பிறகு நுனிவிரலால் நடக்கச் சொல்லுங்கள். குதியால் நடக்க முடியாமல் பாதம் சரிந்தால் ஐந்தாம் வேர் பலம் இழக்கிறது. நுனிவிரலில் எழ முடியாவிட்டால் திரிக வேர். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலை மெல்ல உயர்த்துங்கள். 30 முதல் 70 பாகைக்குள் நோ முழங்காலுக்குக் கீழே பாய்ந்தால் வேர் இழுபடுகிறது. பின்தொடை மட்டும் இறுகினால் அது தசை.

ஊசியே எடுக்கக் கூடாத நிலை உண்டு. இருக்கை படும் பகுதி, பிறப்புறுப்புக்கும் மலவாசலுக்கும் இடைப்பட்ட பகுதி விறைத்துப்போனது, சலம் போக முடியாமல் அடைத்தது அல்லது தெரியாமல் போவது, இரண்டு காலும் ஒன்றாகப் பலம் இழப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே தேசிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே மணித்தியாலம்தான் கணக்கு. பாதம் திடீரெனத் தொய்ந்தவர், நாரி நோவோடு காய்ச்சல் உள்ளவர், முன்பு புற்றுநோய் இருந்தவர், காரணம் இல்லாமல் மெலிபவர் ஆகியோரும் முதலில் படம் எடுத்துப் பார்த்த பிறகே மேசைக்கு வர வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், நோ உள்ள பக்கம் மேலே இருக்கும்படி சரித்துப் படுக்கவைக்க வேண்டும். கீழ்க்கால் நீட்டியபடி, மேற்கால் இடுப்பிலும் முழங்காலிலும் மடங்கியபடி, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. பிட்டத்திலுள்ள ஜிபி 30 என்ற புள்ளிக்கு இந்தப் படுக்கை முக்கியம் (ஜிபி, பிஎல், எஸ்டி போன்ற எழுத்தும் இலக்கமும் அக்குபங்சர் புள்ளிகளின் பெயர்கள்). தொடையெலும்பின் வெளிப்புற முட்டையும் வாலெலும்புக்கு மேலுள்ள சிறு பள்ளத்தையும் விரலால் தொட்டு, இரண்டுக்கும் இடையே ஒரு கோடு நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டை மூன்றாகப் பிரித்தால், வெளிப்புற ஒரு பங்கும் உட்புற இரண்டு பங்கும் சந்திக்கும் இடம்தான் புள்ளி. இதற்கு 0.30 மில்லிமீற்றர் தடிப்பும் 75 மில்லிமீற்றர் நீளமும் உள்ள ஊசி வேண்டும். 40 மில்லிமீற்றர் ஊசியைக் குத்திவிட்டு "பிடிக்கவில்லை" என்பதில் அர்த்தமில்லை, அது கொழுப்பைத் தாண்டியே இருக்காது.

ஊசி 50 மில்லிமீற்றரைக் கடக்கும்போது கால் வழியாக ஒரு மின்னல் ஓடலாம். அது நாரியிலிருந்து காலுக்கு ஓடும் பெரிய நரம்பைத் தொட்ட அடையாளம். மின்னல் ஓட ஓடத்தான் வைத்தியம் பலிக்கும் என்று நம்பி மேலும் மேலும் கொத்துபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நரம்பு நசுங்கி, வந்த நோவுக்கு மேலாக நாலைந்து நாள் எரிவு மிஞ்சும். ஒரு தடவை ஓடியது போதும். உடனே 5 மில்லிமீற்றர் பின்னுக்கு எடுத்து, பாரமும் மெல்லிய உளைவும் உள்ள இடத்தில் ஊசியை விடுங்கள். சீன வைத்தியர் 'தேச்சி' என்று சொல்வது இந்தப் பாரத்தைத்தான்.

நாரியில் சிக்கிய வேருக்கு நேரே, முள்ளெலும்பு நடுக்கோட்டிலிருந்து அரைச் சுன் தள்ளி, நோ உள்ள பக்கம் இரண்டு ஊசி. சுன் என்பது வருத்தக்காரரின் சொந்தக் கைப்பெருவிரல் அகலம். வைத்தியரின் விரலால் அளந்தால் உயரமான ஆளுக்கும் குள்ளமான ஆளுக்கும் புள்ளி தப்பிவிடும். எந்த முள்ளெலும்பு என்று தெரிய, இரண்டு இடுப்பெலும்பு விளிம்பின் உச்சியையும் ஒரு கோட்டால் இணையுங்கள். கோடு நான்காம் நாரி முள்ளையோ அதன் கீழ் இடைவெளியையோ வெட்டும். 40 மில்லிமீற்றர் ஊசி, நுனி சற்று நடுக்கோட்டை நோக்கி. பிறகு காலில் மூன்று: முழங்காலுக்கு வெளிப்புறம் சிற்றெலும்புத் தலைக்கு முன் கீழே உள்ள பள்ளத்தில் ஜிபி 34, ஆடுசதையின் நடுவில் பிஎல் 57, வெளிக்கணுக்காலுக்கும் குதிநாணுக்கும் இடையில் பிஎல் 60. முழங்கால் மடிப்பின் நடுவிலுள்ள பிஎல் 40ஐ ஆழமாகக் குத்தக் கூடாது, அடியில் பெரிய நாடியும் நரம்பும் ஓடுகின்றன. 15 மில்லிமீற்றருக்கு மேல் நாங்கள் போவதில்லை. எல்லாம் சேர்த்து எட்டுப் பத்து ஊசி, இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். இருபத்தைந்து முப்பது ஊசி குத்தினால் நோ வேகமாகப் போய்விடாது, களைப்புத்தான் கூடும்.

மின் தூண்டல் இணைப்பதென்றால் நாரி ஊசி ஒன்றையும் கால் ஊசி ஒன்றையும் ஒரே பக்கத்தில் இணைக்க வேண்டும், நெஞ்சைக் குறுக்காக வெட்டி இணைக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மின்சாரமே வேண்டாம். கருவியின் குமிழ் பூச்சியத்தில் இருக்கும்போதே கிளிப்பை மாட்டுங்கள், கழற்ற முன்னும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். 2 ஹேர்ட்ஸும் 100 ஹேர்ட்ஸும் மாறி மாறி வரும் முறையையே பெரும்பாலும் வைக்கிறோம். குறைந்த அதிர்வெண்ணில் உடல் ஒரு வகை வலிநீக்கிப் பொருளையும், கூடிய அதிர்வெண்ணில் வேறொரு வகையையும் சுரக்கிறது என்பதைப் பீஜிங்கில் ஹான் ஜிஷெங்கின் ஆய்வுகள் காட்டின. ஒரே அதிர்வெண்ணில் வைத்திருந்தால் உடல் பழகிவிடும். தசை மெல்லத் துடிக்கிற அளவு போதும், பல்லைக் கடிக்கிற அளவு கூடாது.

சூட்டையும் அளக்க வேண்டும்

மொக்சா என்பது மாசிப்பத்திரிக்கு நெருங்கிய உறவான ஆர்ட்டிமீசியாச் செடியின் காய்ந்த இலையை இடித்து, நார்ப்பஞ்சாக்கி, கடதாசியில் சுருட்டியது. வழக்கமான சுருட்டு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளம், பெருவிரல் தடிப்பு. பழைய பஞ்சு மெதுவாகவும் சீராகவும் எரியும், புதியது சடசடவென்று பொறி தட்டும்.

பற்றவைத்ததும் நுனி முழுவதும் சமமாகச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாதி பற்றிய சுருட்டு ஒரு பக்கமாகச் சுடும். தோலிலிருந்து 2 முதல் 3 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடியுங்கள். மற்றக் கையின் இரண்டு விரலைப் புள்ளிக்கு இரு பக்கமும் தோலில் வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவர் சொல்ல முன்னரே அந்த விரல்களுக்குச் சூடு தெரிந்துவிடும். ஒரு புள்ளிக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். தோல் இளஞ்சிவப்பாகி, சூடு உள்ளே இறங்குகிறது என்று அவர் சொன்னால் போதும். அதற்கு மேல் வைத்திருந்தால் கொப்புளம்தான் மிஞ்சும். கை நடுங்காமல் ஒரே இடத்தில் பிடிக்கலாம், சிறு வட்டமாகச் சுற்றலாம், சிட்டுக்குருவி கொத்துவதுபோல் கிட்டவும் எட்டவும் கொண்டுபோகலாம். நாரி உளைவுக்கும் குளிர்ந்து இறுகிய முழங்காலுக்கும் நிலையாகப் பிடிப்பது நல்லது. அகலமாகப் பரவிய நோவுக்கு வட்டம்.

ஊசியின் மேலே மொக்சா வைக்கும் முறையில்தான் விபத்து அதிகம். இதற்கு உலோகச் சுருள் பிடியுள்ள, குறைந்தது 40 மில்லிமீற்றர் நீளமான ஊசி வேண்டும், பிளாஸ்டிக் பிடி உருகும். ஊசி தசையில் உறுதியாக நிற்க வேண்டும், தோலில் தொங்கும் ஊசி பாரத்தில் சரிந்து நெருப்பைத் தோலில் சாய்த்துவிடும். சுருட்டிலிருந்து 2 சென்ரிமீற்றர் துண்டு வெட்டி, நடுவில் துளைத்து, பிடியில் செருகுங்கள். துண்டின் அடிக்கும் தோலுக்கும் இடையில் 2 முதல் 3 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். தடித்த மட்டையில் ஒரு கீறல் போட்டு ஊசியைச் சுற்றித் தோலில் விரியுங்கள், விழும் சாம்பலை அது தாங்கும். துண்டு எரிந்து முடிந்தாலும் ஊசிப் பிடி இன்னும் சில நிமிடம் சுடும், வெறும் விரலால் பிடிக்க வேண்டாம். சாம்பலைச் சிறு கரண்டியில் தட்டி எடுத்த பிறகே ஊசியை இழுங்கள். மொக்சா எரியும்வரை வைத்தியர் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. கைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

கொழும்புக்கே உரிய சில கஷ்டங்கள் இருக்கின்றன. மேலே மின்விசிறி சுழன்றால் சாம்பல் பறந்து விழும், சூடும் ஒரு பக்கம் சாயும். விசிறியை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். புகையை வெளியே இழுக்கும் விசிறி ஒன்றைச் சுவரில் பொருத்துவதைத் தவிர இதற்கு வழியில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் இந்தப் புகையின் மணம் கஞ்சா மணத்தை ஒத்திருப்பதால் அயலவர் பதறுவார்கள். பக்கத்து வீட்டாருக்கும் காவலாளிக்கும் முதலே சொல்லிவையுங்கள், புகை உணர்கருவி எங்கே இருக்கிறதென்றும் பாருங்கள். இழுப்பு வருத்தம் உள்ளவருக்குப் புகை ஆகாது. கரியால் செய்த புகையில்லாச் சுருட்டு இருக்கிறது, ஆனால் அது பற்ற நேரமெடுக்கும், பற்றிய பிறகு சாதாரணச் சுருட்டைவிடக் கடுமையாகச் சுடும். அதை இன்னும் ஒரு சென்ரிமீற்றர் எட்டப் பிடியுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் சுருட்டு பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுகிய தகரத்தில் வறுத்த அரிசி ஒரு சிறு துணிப்பொட்டலமாகப் போட்டு வையுங்கள். மாரி மழைக்காலத்தில் பாவிக்க முன் ஒரு மணித்தியாலம் வெயில் காட்டுவது நல்லது.

வருபவர் வீட்டில் பாம் அல்லது தைலம் பூசிவிட்டுத்தான் வருவார். எண்ணெய்ப் பசை உள்ள தோல் விரைவில் சுடும், பாமின் எரிவோ சூட்டின் எரிவோ என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாது. சவுக்காரத்தால் கழுவித் துடைத்த பிறகே தொடங்க வேண்டும். தோல் துடைக்கும் ஸ்பிரிட் முற்றாகக் காய முன் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது.

எரிந்த சுருட்டைத் தண்ணீரில் நனைத்தால் அடுத்த முறை பற்றாது. வாய் ஒடுங்கிய போத்தலிலோ மணல் நிரப்பிய தகரத்திலோ தலைகீழாகக் குத்தி வையுங்கள். அணைந்துவிட்டது போலிருந்தும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனால் வீட்டுக்கே ஆபத்து.

சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம், ஐஸ் வேண்டாம். பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர மூடுங்கள். சீனி வருத்தக்காரரின் காலில் கொப்புளம் எழுந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சீனி வருத்தக் கால்

இங்கேதான் அதிக கவனம் வேண்டும். பாதம் எரியுது, இரவில் நித்திரை இல்லை, ஆனால் செருப்புக் கழன்றதுகூடத் தெரிவதில்லை என்பார்கள். எரிவும் உணர்ச்சியின்மையும் ஒரே காலில் சேர்ந்திருக்கும், இதை விளங்கிக்கொள்ளாதவர்தான் "எரியுதென்றால் உணர்ச்சி இருக்குதுதானே" என்று சுருட்டைப் பிடித்துவிடுகிறார். ஆடிவேல் தேரோடு தார் வீதியில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, வீட்டில் கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைக் காணும் கால் இது. இந்தக் காலுக்கு மொக்சா எவ்வளவு சுடுகிறது என்று யார் சொல்லப்போகிறார்?

10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால், கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல் அடி, பாதத்தின் முன்மேடு ஆகிய இடங்களில் தொட்டுப் பாருங்கள். 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு நிற்பதைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் இளஞ்சூட்டுக் கரண்டியும் குளிர்ந்த கரண்டியும் போதும், எது சூடு என்று சொல்ல முடியாதவருக்குச் சூட்டு வைத்தியம் இல்லை. சூடு தெரியும் எல்லை காலில் எங்கே தொடங்குகிறது என்று பேனையால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே மொக்சா வேண்டாம். கோடு முழங்காலுக்குக் கிட்ட வந்துவிட்டால் அந்தக் காலுக்கே வேண்டாம்.

ஊசி வைக்கலாம், சில நிபந்தனையோடு. விரலிடுக்குகளிலுள்ள பாஃபெங் புள்ளிகள் ஒரு பாதத்தில் நான்கு. அவற்றில் 0.20 மில்லிமீற்றர் தடிப்பு ஊசி, 10 மில்லிமீற்றருக்கு மேல் ஆழம் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல், முன்கால் எலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே எஸ்டி 36. உட்கணுக்காலுக்கு மேலே நான்கு விரல், எலும்பின் பின்விளிம்பில் எஸ்பி 6. புண், வெடிப்பு, விரலிடுக்கில் பூஞ்சணம், நீர்வீக்கம் இருக்கும் பாதத்தில் குத்த வேண்டாம், மேலே உள்ள புள்ளிகளோடு நிறுத்துங்கள். ஊசி எடுத்த பிறகு ஒவ்வொரு துளையையும் வெளிச்சத்தில் பாருங்கள், வீட்டிலும் மூன்று நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

படுக்க முன், "அம்மா, எப்ப சாப்பிட்டனீங்கள்? இன்சுலின் போட்டனீங்களோ?" என்று கேட்காமல் ஊசியைத் தொடக் கூடாது. வெறுவயிற்றோடு வந்தவருக்கு ஊசி மயக்கமும் சீனி இறங்குவதும் ஒரே மாதிரிதான் தெரியும்: வெளிறல், வியர்வை, கை நடுக்கம். இன்னொன்றும் கேளுங்கள்: சீனி வருத்தத்துக்கான மெற்போர்மின் குளிசையை எத்தனை வருடமாகப் போடுகிறார்? நீண்டகாலம் அதைப் போடுபவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதனாலேயே காலில் விறைப்பும் எரிவும் வரும். இரத்தத்தில் பார்த்து ஈடுசெய்தால் தீர்கிற விஷயத்துக்கு மாதக்கணக்கில் ஊசி குத்துவது அநியாயம்.

நரம்பு நோவுக்கு ப்ரீகபலின், கபபென்டின், அமிட்ரிப்டிலின் போடுபவர்கள் ஊசி தொடங்கியதும் குளிசையைத் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். அது கூடாது. ப்ரீகபலினைச் சட்டென்று விட்டால் நித்திரையின்மை, வியர்வை, பதற்றம் வரும், அதை ஊசியின் கோளாறென்றும் நினைப்பார்கள். குறைப்பது குளிசை எழுதிய வைத்தியரின் வேலை.

வீங்கிய மூட்டும் காய்ச்சலும்

காய்ச்சலோடு வருபவரை மேசையில் படுக்கவைக்க வேண்டாம். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவை நினைக்க வேண்டும், டெங்குவில் குருதித் தட்டுக்கள் இறங்கியிருக்கும்போது ஊசித் துளையும் ஆபத்து. "உடம்பு உளைவுதான்" என்று சொன்னாலும் வெப்பமானி வையுங்கள்.

சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டு நோ மாதக்கணக்கில் இழுபடும். 2025இலும் கொழும்பில் பலர் இப்படி அவதிப்பட்டார்கள். மணிக்கட்டு, கணுக்கால், கைவிரல் மூட்டுக்கள் காலையில் மடங்காது. மூட்டு சூடாக வீங்கியிருக்கும் காலத்தில் மொக்சா வேண்டாம், தூரத்துப் புள்ளிகளில் ஊசி மட்டும். சூடு தணிந்து, இறுக்கமும் குளிர்ச்சியும் மிஞ்சிய கட்டத்தில்தான் மொக்சாவுக்கு வேலை. முழங்காலென்றால் சில்லுக்குக் கீழே இரு பக்கமுமுள்ள இரண்டு பள்ளமும் எஸ்டி 36உம். மூட்டுக் குழிக்குள் ஊசி நுழையக் கூடாது, கிருமி போனால் மூட்டே கெட்டுவிடும். கால் பெருவிரல் மூட்டு ஓர் இரவில் செந்நிறமாகி, போர்வை பட்டாலும் தாங்காவிட்டால் அது பெரும்பாலும் யூரிக் அமில வாதம். அதற்குச் சூடு எதிரி.

அழற்சியில் ஊசி எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கு ஓரளவு பதில் இருக்கிறது. எலிகளில் எஸ்டி 36க்கு ஒத்த இடத்தில் ஊசியைத் திருகியபோது அந்த இடத்தில் அடினோசின் என்ற பொருள் கூடி நோ குறைந்ததை 2010இல் கண்டார்கள். 2021இல், பின்காலில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தபோது குறிப்பிட்ட சில உணர்வு நரம்புகள் வழியாக அலைநரம்பும் அட்ரினல் சுரப்பியும் தூண்டப்பட்டு அழற்சி தணிந்ததையும், வயிற்றில் அதே அளவு தூண்டலுக்கு அப்படி நடக்காததையும் காட்டினார்கள். இடமும் அளவும் முக்கியம் என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஆனால் இரண்டும் எலியில் செய்தவை. அதை வைத்து வாதத்தைச் சுகப்படுத்துவோம் என்று விளம்பரம் போடுவது பொய்.

வேறு சில நரம்பு வருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அக்கி கொப்பளித்த முதல் மூன்று நாளுக்குள் வைரஸ் குளிசை தொடங்க வேண்டும், ஊசிக்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது. புண் காய்ந்த பிறகும் எரிவு மிஞ்சினால், கூசும் தோலின் ஓரத்தைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றாக 25 மில்லிமீற்றர் ஊசிகளை, தோலோடு சாய்த்து, நடுவை நோக்கி வையுங்கள். நெஞ்சுப் பகுதியில் ஊசி ஒருபோதும் நேராக இறங்கக் கூடாது.

செட்டியார் தெருவில் நகை வேலை செய்பவர்களுக்கும், நாள்தோறும் திருவலையில் தேங்காய் திருவுபவர்களுக்கும் மணிக்கட்டில் நரம்பு நெரிபடும். இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து எழுந்து கையை உதறுவார்கள். பிசி 6, பிசி 7 இரண்டுக்கும் நேர் கீழே அந்த நரம்பே ஓடுகிறது, ஆகவே 10 மில்லிமீற்றருக்குள் மெல்ல, விரலில் கரண்ட் ஓடியதும் பின்வாங்க வேண்டும். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி இல்லாமல் ஊசி மட்டும் குத்துவதால் நிலைக்கும் பலன் கிடைப்பதில்லை. பெருவிரல் அடித்தசை வற்றத் தொடங்கினால் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் அனுப்புங்கள்.

முகம் கோணியவரிடம் நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். நெற்றி இரு பக்கமும் சுருங்கி, வாய் மட்டும் கோணியிருந்தால் மூளையில் அடைப்பாக இருக்கலாம், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். நெற்றியும் சுருங்காவிட்டால் முகநரம்பு வாதமாக இருக்கலாம், அதற்கும் 72 மணித்தியாலத்துக்குள் ஸ்டெரொயிட் குளிசை தொடங்குவதுதான் முதல் வைத்தியம். கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ சேர்ந்திருந்தால் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். மூடாத கண்ணுக்குத் துளிமருந்தும் இரவில் ஒட்டுப்பட்டியும். முகத்துக்கு 0.18 மில்லிமீற்றர் தடிப்பு ஊசி, முதல் கிழமைகளில் மின்சாரம் இல்லை, கண்ணருகே மொக்சா இல்லவே இல்லை.

தப்பு நடக்கும் இடங்கள்

தோள்மேட்டிலுள்ள ஜிபி 21உம் மேல்முதுகுப் புள்ளிகளும் நுரையீரலுக்கு மேலே இருக்கின்றன. மெலிந்த ஆளில் 20 மில்லிமீற்றரே போதும், நுரையீரல் உறையைத் துளைக்க. மூச்சு வாங்குவதும் நெஞ்சுக் குத்தும் சில மணித்தியாலம் கழித்துத்தான் வரலாம். மேல்முதுகில் குத்திய ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும். தசையைக் கிள்ளித் தூக்கி, சாய்த்துக் குத்துங்கள்.

ஊசி சிக்கினால் இழுக்க வேண்டாம். அவர் அசைந்திருப்பார், அல்லது ஒரே திசையில் திருகியதால் நார் சுற்றியிருக்கும். எதிர்த்திசையில் மெல்லத் திருகி, சுற்றிவரத் தட்டி, இரண்டு விரல் தள்ளி இன்னொரு மெல்லிய ஊசி வைத்தால் தசை தானாக இளகும். மயக்கம் வந்தால் ஊசி எல்லாவற்றையும் எடுத்து, காலை உயர்த்தி, கொஞ்சம் இனிப்புத் தேநீர். முதல் தடவை வருபவரை இருத்தி ஊசி போடவே கூடாது.

குருதி உறையாமல் இருக்க வோபரின் போடுபவரிடம் கடைசி ஐஎன்ஆர் (குருதி உறையும் வேகம்) அளவைக் கேளுங்கள், ஆழமான புள்ளிகளைத் தவிருங்கள், எடுத்த இடத்தை இரண்டு நிமிடம் அழுத்துங்கள். கர்ப்பிணிக்கு வயிறு, திரிகப் பகுதி, எல்ஐ 4, எஸ்பி 6, பிஎல் 60 வேண்டாம். ஊசி ஒருவருக்கு ஒரு தடவைதான். பொதி நனைந்திருந்தாலோ காலாவதியானாலோ வீசுங்கள். குத்திய ஊசியை எண்ணுங்கள், எடுத்ததையும் எண்ணுங்கள், முடி மறைத்த ஒன்று தப்பிவிடும். பாவித்தவை கூர்ப்பொருள் பெட்டிக்கு, முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, எரிக்கும் வசதியுள்ள இடத்துக்கு. வீட்டுக் குப்பையில் போனால் மாநகர சபைத் தொழிலாளியின் கையில்தான் ஏறும்.

கொழும்புக்கு இந்த வைத்தியம் புதிதல்ல. களுபோவில வைத்தியசாலையில் அன்டன் ஜயசூரிய நடத்திய அக்குபங்சர் பயிற்சிக்கு வெளிநாட்டு மாணவர்களே வந்தார்கள். ஆனாலும் உலகத்தில் இதன் ஆதாரம் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. வைத்திய வழிகாட்டல்களை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2016இல் நாரி நோவுக்கும் காலுக்கு இறங்கும் நோவுக்கும் அக்குபங்சர் வேண்டாம் என்றது, 2021இல் காரணம் புலப்படாத நாட்பட்ட நோவுக்குப் பரிசீலிக்கலாம் என்றது. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் நாரி நோவுக்கு ஏற்றுக்கொண்டது. அதே வருடம், ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் மீளாய்வு நரம்பு நோவுக்குப் போதிய ஆதாரமில்லை என்றது. 2024இல் சீனாவில், தட்டு விலகியதால் காலுக்கு இறங்கும் நாட்பட்ட நோ உள்ள 200க்கு மேற்பட்டோருக்கு நான்கு கிழமையில் 10 அமர்வு கொடுத்து, போலி ஊசியோடு ஒப்பிட்டார்கள். உண்மை ஊசி பெற்றவர்களின் நோ தெளிவாகக் கூடுதலாகக் குறைந்தது. மேசையில் நாங்கள் காண்பதும் இப்படித்தான், ஒருவருக்கு நன்றாகக் கேட்கும், இன்னொருவருக்குக் கேட்காது.

ஆகவே எண்ணிக்கை வையுங்கள். முதல் நாளே 0 முதல் 10 வரை நோ எவ்வளவு, இரவில் எத்தனை தடவை விழிக்கிறார், எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது என்று மூன்றையும் எழுதுங்கள். கிழமைக்கு இரண்டு அமர்வு, ஆறாவது அமர்வில் அதே மூன்றையும் திரும்பக் கேளுங்கள். நோ 8இலிருந்து 5க்கு வந்தால் இன்னும் நாலைந்து அமர்வு தொடரலாம், பிறகு இடைவெளியைக் கூட்டலாம். 8இலிருந்து 7க்குத்தான் வந்ததென்றால் புள்ளியை மாற்றி இரண்டு அமர்வு பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் காசு வாங்குவதை நிறுத்தி, நரம்பியல் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: எந்த வேர் என்று சந்தேகப்படுகிறீர்கள், காலை எத்தனை பாகை உயர்த்த நோ வந்தது, எந்த விரலில் உணர்ச்சி குறைவு, எத்தனை அமர்வு, எங்கே ஊசி வைத்தீர்கள், என்ன குளிசை போடுகிறார். அரைப் பக்கம் போதும்.